பெயர் வெளியே, கணக்கு உள்ளே: அமெரிக்கப் பண்ணைகளுக்குப் போன கொரோனா நிவாரணப் பணம்

2020ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு நேரடியாகக் கொடுத்த பணம் 4,500 கோடி டாலருக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு அது 2,200 கோடி சொச்சம்தான், அதுவே சீனாவுடனான வர்த்தகச் சண்டைக்கு இழப்பீடு என்று கொடுத்ததால் ஏறியிருந்த தொகை. ஒரே வருடத்தில் இரண்டு மடங்கு. இதில் பெரும்பங்கு கொரோனா பெயரில் போனது. யாருக்குப் போனது என்று கேட்டால் பதில் கிடைக்கும், பெயரும் ஊரும் தொகையும் பொதுவெளியில் இருக்கின்றன. அந்த ஆளுக்கு ஏன் அந்தத் தொகை என்று கேட்டால் பதில் கிடைக்காது. சட்டமே அதை மூடி வைத்திருக்கிறது. வெளிப்படைத்தன்மை பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது, எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் நிவாரணம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தேவை உண்மையானது. 2020 மார்ச் கடைசியில் பள்ளிகளும் உணவகங்களும் ஒன்றாக மூடப்பட்டன. அவற்றை நம்பி ஓடிய சப்ளை முழுவதும் நின்றது. மாடு கறப்பதை நிறுத்த முடியாது, ஆனால் பால் போக இடமில்லை. நாள் ஒன்றுக்கு 37 லட்சம் காலன் பால் வரை கொட்டப்படுவதாக அங்குள்ள மிகப் பெரிய பால் கூட்டுறவு அமைப்பு ஏப்ரலில் மதிப்பிட்டது. ஏப்ரல் 12 அன்று தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் இருந்த ஸ்மித்ஃபீல்டு பன்றி இறைச்சி ஆலை தொழிலாளர்களிடையே தொற்று பரவியதால் மூடப்பட்டது. நாட்டின் பன்றி இறைச்சியில் 4 முதல் 5 சதவீதம் அந்த ஒரே கட்டடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூட, விற்கத் தயாரான பன்றிகளையும் மாடுகளையும் வைத்துக்கொண்டு விவசாயிகள் தவித்தார்கள். தீனிச் செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 17 அன்று வேளாண் துறைச் செயலர் (நம் கணக்கில் அமைச்சர்) சன்னி பெர்டியூ 1,900 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். அதில் 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடிப் பணம், மீதி 300 கோடி உணவுப் பொருள்களை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்க. கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம் என்று பெயர், ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து சிஎஃப்ஏபி என்பார்கள். நேரடிப் பணத்தில் 950 கோடி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மார்ச்சில் நிறைவேற்றிய கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டத்திலிருந்து வந்தது. 650 கோடி கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனத்திலிருந்து. 1933இல் பெருமந்தக் காலத்தில் தொடங்கிய இந்த நிறுவனம் கருவூலத்திலிருந்து 3,000 கோடி டாலர் வரை கடன் எடுத்துச் செலவழிக்கலாம். ஒவ்வொரு முறையும் காங்கிரஸிடம் போய் நிற்க வேண்டியதில்லை, வேளாண் துறைச் செயலர் முடிவெடுத்தால் பணம் நகரும். அவசரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் பொதுவில் விவாதமே நடக்காமல் பெரிய தொகை வெளியே போவதற்கும் இதே வழிதான்.

சரி, ஒரு விவசாயிக்குப் பணம் எப்படிக் கணக்கிடப்பட்டது? மாடு வளர்ப்பவரை எடுத்துக்கொள்வோம். அறுப்புக்குத் தயாராகக் கொழுக்க வைத்த மாட்டை 2020 ஜனவரி 15க்கும் ஏப்ரல் 15க்கும் இடையில் விற்றிருந்தால் தலைக்கு 214 டாலர். விற்காமல் ஏப்ரல் 16க்கும் மே 14க்கும் இடையில் கையில் வைத்திருந்தால் தலைக்கு 33 டாலர். ஆலைகள் மூடியது ஏப்ரல் நடுவில்தான். அதாவது பிப்ரவரியில், நோய் பெரிதாகப் பரவுவதற்கு முன்னால் சுமாரான விலைக்கே விற்றுவிட்டவருக்கு 214, ஏப்ரல் கடைசியில் வாங்க ஆளில்லாமல் மாட்டை வைத்துக்கொண்டு தீனி போட்டவருக்கு 33. மாட்டுப் பண்ணைக்காரர்களே இதைச் சொல்லிப் புலம்பினார்கள். 1,000 மாடு விற்றவருக்கு 2,14,000 டாலர், 20 மாடு விற்றவருக்கு 4,280 டாலர். எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம், நஷ்டத்துக்கு ஏற்ப அல்ல.

விண்ணப்பம் எளிமையாக இருந்தது. ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி என்று வேளாண் துறைக்கு மாவட்ட அளவில் 2,000க்கும் மேற்பட்ட அலுவலகங்கள் உண்டு. கொரோனாவால் அவை ஆட்களை உள்ளே விடவில்லை, எல்லாம் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும். எத்தனை மாடு விற்றேன், எத்தனை புஷல் (அங்கே தானியம் அளக்கும் அளவு) மக்காச்சோளம் கையிருப்பு, எவ்வளவு பால் கறந்தேன் என்று விவசாயியே எழுதி, இது உண்மை என்று கையெழுத்திட்டால் போதும். ரசீது எதையும் சேர்த்து அனுப்ப வேண்டாம், கேட்டால் காட்டுவதற்காக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரு பகுதியினரை மட்டும் அலுவலகம் தேர்ந்தெடுத்துச் சரிபார்த்தது. அவசர காலத்தில் வேறு வழியில்லை என்று சொல்வது நியாயம்தான். பின்னால் வந்த இரண்டாவது சுற்றையும் சேர்த்து சுமார் 3,100 கோடி டாலர் போன பிறகு, 2022 செப்டம்பரில் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, இந்தப் பணத்தை வேளாண் துறை இன்னும் கடுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. பணம் போய்ச் சேர்ந்த பிறகு வந்த அறிவுரை.

உச்சவரம்பும் இருந்தது. ஆளுக்கு 2,50,000 டாலர். ஆனால் நிறுவனமாகப் பதிவு செய்த பண்ணையில் மூன்று பங்குதாரர்கள், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 400 மணி நேரமாவது உழைப்போ நிர்வாகமோ செய்திருந்தால் 7,50,000 வரை போகலாம். நிர்வாகம் என்றால் என்ன என்பதற்கு அங்கே எப்போதுமே தாராளமான விளக்கம் உண்டு. அண்ணன் தம்பி மருமகன் என்று எல்லாரையும் பங்குதாரராக்கி வரம்பைப் பெருக்கிக்கொள்வது பழைய வழக்கம், கொரோனா அதை உருவாக்கவில்லை.

இரண்டாவது சுற்றை 2020 செப்டம்பர் 17 அன்று அதிபர் டிரம்ப் விஸ்கான்சினில் நடந்த தேர்தல் கூட்டத்தில் அறிவித்தார், இன்னொரு 1,400 கோடி வரை. இந்தச் சுற்றில் காய்கறி, பழம் போன்றவற்றுக்குக் கணக்கு 2019ஆம் ஆண்டின் விற்பனையை வைத்து. 2019இல் 40,000 டாலருக்கு விற்றிருந்தால் அதில் 10.6 சதவீதம், அதாவது 4,240 டாலர் வரும். விற்பனை கூடக்கூடச் சதவீதம் கொஞ்சம் குறைந்து, 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 8.8 ஆகும். இங்கே கவனிக்க வேண்டியது, 2020இல் அந்த விவசாயிக்கு நஷ்டம் வந்ததா என்று யாரும் கேட்கவே இல்லை. ஊரடங்கில் வீட்டுக்கே காய்கறிப் பெட்டி அனுப்பி வழக்கத்தைவிட அதிகம் விற்ற சின்னப் பண்ணைகளும் இருந்தன, உணவகங்களை மட்டுமே நம்பி அழிந்துபோனவையும் இருந்தன. 2019 விற்பனை ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே தொகை.

அதைவிட என்னை உறுத்துவது அடுத்து நடந்தது. 2020 இலையுதிர் காலத்திலேயே தானிய விலை ஏறத் தொடங்கிவிட்டது, சீனா நிறைய வாங்கியது. டிசம்பர் கடைசியில் காங்கிரஸ் இன்னொரு நிவாரணச் சட்டம் போட்டது, அதன்படி மக்காச்சோளம், சோயா, கோதுமை போன்ற பயிர்களுக்கு ஏக்கருக்கு 20 டாலர் கூடுதல். 2021 ஏப்ரலில் அந்தப் பணம் புதிய விண்ணப்பமே இல்லாமல் தானாகப் போனது, 5,60,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, 450 கோடி டாலருக்கும் மேல். அந்த ஏப்ரலில் மக்காச்சோளம் புஷல் 6 டாலரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது, ஒரு வருடத்துக்கு முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்டத்தில். விலை விழுந்ததற்கான நிவாரணம் விலை உச்சியில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. அதே சமயம் கோழிப் பண்ணைக்காரர்களில் பெரும்பாலானோர் முதலில் வெளியே நின்றார்கள். கோழி கம்பெனியுடையது, வளர்ப்பவர் ஒப்பந்தக்காரர் மட்டும், ஆகவே இரண்டு சுற்றுகளிலும் அவருக்கு உரிமையில்லை. கம்பெனி குஞ்சு அனுப்பாமல் கொட்டகை காலியாகக் கிடந்த மாதங்களிலும் கொட்டகைக்கு வாங்கிய கடனை அவர்தான் கட்டினார். டிசம்பர் சட்டம்தான் அவர்களுக்கும் வழி வைத்தது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? விதிகள் பொதுவில் இருப்பதால் தெரிகிறது. பெயர்ப் பட்டியல் எப்படிப் பொதுவுக்கு வந்தது என்பது தனிக் கதை.

பருத்தி மானியம் யாருக்குப் போகிறது என்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் கேட்டபோது வேளாண் துறை மறுத்தது, பெயர் வெளியிட்டால் விவசாயியின் அந்தரங்கம் போய்விடும் என்றது. 1996இல் வாஷிங்டன் நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் நின்றது. தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் பொதுப்பணம் யாருக்குப் போகிறது என்று அறிவது மக்களின் நலன், அது பெரிது என்றது. 2001இல் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இந்தப் பட்டியல்களை வாங்கி இணையத்தில் தேடக்கூடிய வடிவில் போட்டது. அதன் பிறகு பக்கத்துப் பண்ணைக்காரர் எவ்வளவு வாங்கினார் என்று யாரும் பெயர் போட்டுப் பார்க்கலாம் என்றானது. சின்ன ஊர்களில் இது எவ்வளவு பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விவசாயத் திட்டங்களுக்காகக் காங்கிரஸ் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போடும் சட்டத்தைப் பண்ணைச் சட்டம் என்பார்கள். 2002 பண்ணைச் சட்டம் ஒரு படி மேலே போய், நிறுவனங்களுக்குப் பின்னால் இருக்கும் தனி ஆட்கள் வரை பணத்தைத் தொடர்ந்து கண்டறிய வேண்டும் என்று துறைக்கு உத்தரவிட்டது. 2007இல் அந்தத் தகவல் வெளியே வந்தது. எல்எல்சி என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் ஒன்றுக்குப் போன பணம் எத்தனை பேருக்கு, எந்த விகிதத்தில் பிரிந்தது, ஒரே ஆள் எத்தனை நிறுவனங்களின் வழியாக வாங்குகிறார் என்பதெல்லாம் முதல்முறையாகத் தெரிந்தது. 2008இல் அடுத்த பண்ணைச் சட்டம் வந்தபோது அது கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என்றானது, துறையும் நிறுத்திவிட்டது. வெளிப்படைத்தன்மை ஒரு வருடம் முழுமையாக இருந்தது, அடுத்த வருடம் போனது.

அதே 2008 சட்டத்தில் இன்னொன்றும் நடந்தது, இந்தக் கட்டுரையின் மையமே அதுதான். அந்த ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மல்டி ஏஜி மீடியா என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில், விவசாயிகள் கொடுத்த பயிர் விவரங்களையும் நில வரைபடத் தகவல்களையும் துறை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மானியத் திட்டங்களைத் துறை ஒழுங்காக நடத்துகிறதா என்று பார்க்க அந்த விவரம் தேவை என்பது நீதிபதிகளின் வாதம். சில மாதங்களில் காங்கிரஸ் பண்ணைச் சட்டத்தில் 1619ஆம் பிரிவைச் சேர்த்தது. திட்டத்தில் சேருவதற்காக விவசாயி தன் பண்ணை, சாகுபடி முறை, நிலம் பற்றிக் கொடுக்கும் எந்தத் தகவலையும் துறை வெளியிடக் கூடாது. விதிவிலக்கு: பணம் வாங்கியவர் பெயர், முகவரி, தொகை. மொத்தமாகக் கூட்டிய புள்ளிவிவரமும் சரி. மற்றதெல்லாம் மூடப்பட்டது.

இப்போது கொரோனாப் பணத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி ஆண்டுதோறும் கொடுத்த பணத்தின் பட்டியலைக் கோப்புகளாகத் தன் தளத்தில் போடுகிறது. ஒரு வரியை எடுத்தால் மாநிலம், மாவட்டம், வாங்கியவர் பெயர், முகவரி, திட்டத்தின் பெயர், தேதி, தொகை இருக்கும். எத்தனை மாடு என்று சொல்லி அந்தத் தொகை வந்தது, எத்தனை ஏக்கர், எத்தனை புஷல் என்பது இருக்காது. 2,14,000 டாலர் வாங்கிய ஒரு பண்ணையில் உண்மையில் 1,000 மாடு இருந்ததா, 600தான் இருந்ததா என்று அந்த மாவட்டத்துப் பத்திரிகையாளரோ பக்கத்துப் பண்ணைக்காரரோ பார்த்துச் சொல்ல வழியே இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரருக்குத்தான் அது நன்றாகத் தெரியும். விவசாயி தானே எழுதிக் கையெழுத்திட்ட எண், ஆவணம் கேட்காத விண்ணப்பம், சில பேரை மட்டும் சரிபார்த்த அலுவலகம், இவற்றுக்கு மேல் அந்த எண்ணைப் பார்க்கவே முடியாத மக்கள். இந்த நான்கும் சேர்ந்தால் யாரும் ஏமாற்றினார்கள் என்று ஆகிவிடாது. பெரும்பாலானோர் நேர்மையாகவே எழுதியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். அப்படி நேர்மையாக எழுதியவருக்கும் அதை நிரூபிக்க இந்த அமைப்பில் இடமில்லை, அவருடைய பெயரும் பெரிய தொகையும் மட்டும் வெளியே தொங்குகின்றன.

பொதுவெளியில் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதே காலத்தில் இரண்டு உதாரணங்கள் உண்டு. முன்பு சொன்ன 300 கோடியில் உணவு வாங்கிப் பெட்டிகளாக இல்லாதவர்களுக்குக் கொடுத்த திட்டத்துக்கான ஒப்பந்தக்காரர் பட்டியலை 2020 மே மாதம் வேளாண் துறை வெளியிட்டது. சான் அன்டோனியோவில் திருமணம், மாநாடு போன்ற நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்துக்கு 3.9 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்திருப்பதைச் செய்தியாளர்கள் உடனே கண்டுபிடித்தார்கள். உணவு விநியோகத்தில் அனுபவமில்லாதவருக்கு எப்படி என்ற கேள்வி காங்கிரஸ் வரை போனது, அந்த ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. பட்டியல் வந்ததால்தான் கேள்வி வந்தது.

இன்னொன்று, சிறுதொழில்களுக்கான சம்பளப் பாதுகாப்புக் கடன், பிபிபி. ஏறத்தாழ 80,000 கோடி டாலர், பண்ணைகளும் வாங்கின. விண்ணப்பப் படிவத்திலேயே பெயரும் தொகையும் வெளியிடப்படலாம் என்று இருந்தது. ஆனால் 2020 ஜூனில் கருவூலச் செயலர் ஸ்டீவன் முனுச்சின், அது ரகசிய வணிகத் தகவல் என்றார். எதிர்ப்பு வலுத்ததும் ஜூலையில் 1,50,000 டாலருக்கு மேல் வாங்கியவர்களின் பெயர் மட்டும் வந்தது, அதிலும் சரியான தொகை இல்லை, இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று. செய்தி நிறுவனங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. நவம்பரில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் எல்லாவற்றையும் வெளியிட உத்தரவிட்டார், டிசம்பர் 1 அன்று முழுப் பட்டியல் வந்தது. அந்த ஒரு பட்டியலை வைத்து எத்தனை போலி நிறுவனங்களைச் செய்தியாளர்கள் தோண்டி எடுத்தார்கள் என்பது அமெரிக்கச் செய்திகளைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியும். பிபிபியில் தொகை சம்பளக் கணக்கிலிருந்து வந்தது, எத்தனை ஊழியர்கள் என்பதும் பட்டியலில் இருந்தது. ஆகவே தொகையையும் ஆளெண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பண்ணைப் பணத்தில் இல்லாதது துல்லியமாக அதுதான்.

இனம் பற்றிய கேள்வியும் இப்படித்தான். 2021 மார்ச்சில் புதிய செயலர் டாம் வில்சாக், அதுவரை போன சுமார் 2,600 கோடி டாலரில் கறுப்பின விவசாயிகளுக்குக் கிடைத்தது 2.08 கோடி டாலர், அதாவது 0.1 சதவீதம் என்றார். 2017 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் விவசாயிகளில் அவர்கள் 1.4 சதவீதம். எண்ணிக்கைக்குப் பணம் என்ற முறையில், தலைமுறைகளாக நிலம் பறிபோனவர்களுக்குக் குறைவாகத்தான் வரும், சட்டத்தில் பாகுபாடு என்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள், இந்த எண்ணை எந்தப் பட்டியலிலிருந்தும் வெளியாட்கள் கணக்குப் போட்டிருக்க முடியாது. செயலர் சொன்னதால் தெரிந்தது. வேறொரு செயலராக இருந்து சொல்லாமல் விட்டிருந்தால்?

விவசாயிகள் தரப்பின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற தொழில்களில் அலுவலகம் ஓரிடம், வீடு ஓரிடம். பண்ணையில் இரண்டும் ஒன்றே, முகவரியை வெளியிட்டால் குழந்தைகள் தூங்கும் வீட்டைக் காட்டிவிடுகிறீர்கள். 2013இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கால்நடைப் பண்ணைகளின் விவரங்களைச் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குக் கொடுத்தபோது அதில் தனி ஆட்களின் பெயரும் தொலைபேசி எண்ணும்கூட இருந்தன. விவசாயிகள் சங்கமான அமெரிக்கன் ஃபார்ம் பீரோ வழக்குப் போட்டு 2016இல் மேல்முறையீட்டில் வென்றது, எனக்கு அந்தத் தீர்ப்பில் தவறு தெரியவில்லை. ஐரோப்பாவிலும் இதே இழுபறி. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம், மானியம் வாங்கிய தனிமனிதர் எல்லாருடைய பெயரையும் தொகை பாராமல் வெளியிடுவது அளவுக்கு மீறியது என்று அந்த விதியை ரத்து செய்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் திருத்தி, ஆண்டுக்கு 1,250 யூரோ வரை வாங்கும் சிறு விவசாயியின் பெயரை மறைத்து, அதற்கு மேல் வாங்குபவர்களின் பெயரை வெளியிட்டது. கூடவே எந்த நடவடிக்கைக்காக அந்தப் பணம் என்ற விவரமும் போகிறது.

அமெரிக்காவில் நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். 300 டாலர் வாங்கிய கிழவரின் பெயரும் முகவரியும் வெளியே, 7,50,000 வாங்கிய எல்எல்சியின் மாட்டுக் கணக்கு உள்ளே. நான் கேட்பது சின்ன மாற்றம். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இருப்பவர்களுடைய வீட்டு முகவரியை எடுத்துவிடுங்கள், மாவட்டம் போதும். பெரிய தொகை என்றால் எந்தப் பொருள், எத்தனை தலை அல்லது ஏக்கர் என்பதையும், நிறுவனத்தின் பின்னால் இருக்கும் ஆட்களையும் சேர்த்துப் போடுங்கள். இதில் வயல் எல்லை, நோய் விவரம், சாகுபடி முறை எதுவும் வெளியே வராது. 2007இல் ஆட்கள் வரை தொடர முடிந்த துறைக்கு இன்றைக்கு முடியாமல் போக எந்தக் காரணமும் இல்லை. அப்புறம் பயிர்க் காப்பீடு. அதன் பிரீமியத்தில் பெரும்பங்கை அரசு கட்டுகிறது, ஆனால் யாருக்காகக் கட்டுகிறது என்ற பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்று தனிச் சட்டமே இருக்கிறது. கொரோனாப் பணத்தின் பெயர்ப் பட்டியல் அதோடு ஒப்பிட்டால் திறந்த புத்தகம்.

இது முடிந்துபோன 2020 விவகாரம் இல்லை. 2024 டிசம்பரில் காங்கிரஸ், விலை குறைவுக்கும் செலவு ஏற்றத்துக்கும் என்று மீண்டும் 1,000 கோடி டாலர் ஒதுக்கியது. மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலர், சோயாவுக்கு 29.76, பருத்திக்கு 84.74. விகிதம் எல்லாருக்கும் தெரியும், பெயரும் தொகையும் கோப்பில் வரும். எத்தனை ஏக்கர் என்பது 1619ஆம் பிரிவின்கீழ் இன்னும் துறையின் கணினிக்குள்ளேயே இருக்கிறது.